வாட்சு சொன்னது 400, கரைந்தது 130! பளு தூக்குவோரை ஏமாற்றும் கலோரிக் கணக்கு

சென்னை நகரில் மாலை 6 மணிக்கு மேல் உடற்பயிற்சிக் கூடங்கள் களை கட்டுகின்றன. ஆபீஸ் விட்டு வரும் குமாஸ்தாக்கள், கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வரும் வியாபாரிகள், மின்சார ரெயிலில் இருந்து இறங்கி நேரே வரும் இளைஞர்கள் என்று கூட்டம் சேருகிறது.

டம்பெல்ஸ், பார்பெல், பெஞ்ச் என்று முக்கால் மணி நேரம் வியர்வை சிந்துகிறார்கள். முடிந்ததும் முதல் வேலையாகக் கையில் கட்டி இருக்கும் எலெக்ட்ரானிக் வாட்சைப் பார்க்கிறார்கள்.

"400 கலோரி காலி!" என்கிறது வாட்சு.

அவ்வளவுதான். "400 கரைஞ்சு போச்சு. 2 பரோட்டா உள்ளே தள்ளினா என்ன?" என்று கால்கள் தானாகவே தெருமுனைக் கடைக்குத் திரும்புகின்றன.

3 மாதம் போகிறது. தொப்பை போகவில்லை!

"ஜிம் எல்லாம் சும்மா சார்" என்று சொல்லிவிட்டுப் பலர் நின்று விடுகிறார்கள். கட்டிய பணமும் போச்சு. உடம்புக்கு உண்மையிலேயே நன்மை செய்யும் ஒரு பழக்கமும் போச்சு.

இதில் குற்றவாளி யார்? பரோட்டாவை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயம் இல்லை. பளு தூக்கியதில் எரிந்த கலோரியை எண்ணி, அதைச் சாப்பாட்டுக் கணக்கில் வரவு வைத்த பழக்கம்தான் முதல் குற்றவாளி.

பெட்டிக்குள் மனிதன்

கலோரி என்பது வெப்பத்தின் அளவு. 1 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்கத் தேவையான வெப்பம்தான் சாப்பாட்டுக் கணக்கில் நாம் சொல்லும் 1 கலோரி. விஞ்ஞானிகள் இதைக் கிலோ கலோரி என்பார்கள்.

மனிதன் எவ்வளவு எரிக்கிறான் என்று கண்டுபிடிக்க, 1890-களில் அமெரிக்காவில் மிடில்டவுன் நகரில் ஆட்வாட்டர் என்ற விஞ்ஞானி ஒரு தனி அறையே கட்டினார். ஆளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி விடுவார்கள். சாப்பிடுவது, தூங்குவது, உழைப்பது எல்லாம் உள்ளேதான். அவர் உடம்பில் இருந்து வரும் வெப்பத்தையும், விடும் மூச்சையும் அளந்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டு அளந்த சங்கதியை, மணிக்கட்டில் கட்டிய பட்டை ஒன்று நொடியில் சொல்லிவிடும் என்று நம்புகிறோம். கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

ஜவுளிக்கடைக்காரர் கணக்கு

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவர் என்று வைத்துக் கொள்வோம். எடை 70 கிலோ.

சும்மா உட்கார்ந்து இருந்தாலே உடம்பு மணிக்கு, கிலோவுக்கு ஏறத்தாழ 1 கலோரி எரிக்கும். இவருக்கு மணிக்கு 70.

எந்த வேலை செய்தால் இது எத்தனை மடங்கு ஆகும் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. 1993-ல் முதலில் வெளிவந்த இந்தப் பட்டியலை உலகம் எங்கும் ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். 2011-ல் திருத்தி வெளியிட்ட பட்டியலில், ஒவ்வொரு பயிற்சியையும் 8 முதல் 15 முறை செய்யும் சாதாரணப் பளுப் பயிற்சிக்கு மூன்றரை மடங்கு என்று இருக்கிறது.

அப்படியானால் மணிக்கு 245 கலோரி. முக்கால் மணிக்கு 184.

இதிலும் ஒரு கழிவு உண்டு. அந்த முக்கால் மணி நேரம் அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து இருந்தாலும் 53 கலோரி எரிந்திருக்கும். அதைக் கழித்தால், பளு தூக்கியதால் கூடுதலாக எரிந்தது சுமார் 130 கலோரி மட்டுமே!

நடுத்தர அளவுப் பரோட்டா ஒன்றில் 200 முதல் 300 கலோரி வரை இருக்கும். சால்னா தனி. முக்கால் மணி நேர வியர்வை ஒரு பரோட்டாவுக்குக்கூடக் கட்டுப்படி ஆகவில்லை.

"நான் கடுமையாகத் தூக்குறவன்" என்று சிலர் சொல்லலாம். கடும் பயிற்சிக்கு அதே பட்டியல் 6 மடங்கு தருகிறது. அப்போதும் கழிவு போக 260 கலோரிதான். ஒரு செட் தூக்கிவிட்டு, செல்போனைப் பார்த்து, பக்கத்து ஆளிடம் கிரிக்கெட் பேசி, மறுபடி தூக்குகிறவருக்கு 6 மடங்கு எங்கிருந்து வரும்?

வாட்சு 400 என்று சொல்ல, உண்மை 130 என்றால் துண்டு விழுவது 270. வாரம் 5 நாள் இந்த 270-ஐ நம்பிக் கூடுதலாகச் சாப்பிட்டால் 12 வாரத்தில் 16 ஆயிரத்து 200 கலோரி. உடம்புக் கொழுப்பு 1 கிலோ என்பது சுமார் 7 ஆயிரத்து 700 கலோரி. காகிதக் கணக்குப்படி, ஜிம்முக்குப் போய்க்கொண்டே 2 கிலோ ஏறிவிடலாம்!

அரிசி மூட்டை

பளு தூக்குவதில் இவ்வளவு குறைவாகவா எரியும்? மூச்சு வாங்குகிறதே, கை நடுங்குகிறதே என்று சந்தேகம் வரும்.

கடைக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், 50 கிலோ மூட்டையை அரை மீட்டர் உயரத்துக்கு 10 தடவை தூக்குங்கள். மூட்டையின் மேல் நடந்த வேலை 1 கலோரிகூட வராது. அரைக் கலோரிக்குச் சற்று மேல். நம் உடம்பு அந்த வேலையைச் செய்ய நான்கைந்து மடங்கு செலவழிக்கும். அப்படிப் பார்த்தாலும் 3 கலோரி. மூட்டையை இறக்குவது, உடம்பைத் தாங்கி நிற்பது என்று சேர்த்தால் இன்னும் கொஞ்சம்.

களைப்பு என்பது தசை தன் எல்லையைத் தொட்டதற்கு அடையாளம். அதை வைத்து எரிந்த கலோரியை அளக்க முடியாது. கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளர் நாள் பூராவும் நடக்கிறார், குனிகிறார், சுமக்கிறார். அவர் உடம்பு கேட்கும் சாப்பாடு வேறு. முக்கால் மணி நேரம் தூக்கிவிட்டுப் பாக்கி நேரம் கல்லாவில் உட்காருகிறவர் அதே அளவு சாப்பிட முடியாது.

பொய் சாட்சி

இனி வாட்சைச் சாட்சிக் கூண்டில் நிறுத்துவோம்.

2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், மணிக்கட்டில் கட்டும் 7 வகைக் கருவிகளை 60 பேர் கையில் கட்டிச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலான கருவிகள் சரியாகவே சொல்லின. கலோரி விஷயத்தில்தான் குட்டு உடைந்தது. இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் பிசகியது. மோசமான கருவி 93 சதவீதம்!

அந்தச் சோதனை நடந்தது நடை, ஓட்டம், சைக்கிள் ஆகியவற்றில். பளு தூக்கும்போது நிலைமை இன்னும் சிக்கல். மூச்சைப் பிடித்து, கம்பியை இறுக்கிப் பிடித்துத் தூக்கும்போது இதயம் வேகமாக அடிக்கும். அந்த வேகத்துக்கு ஏற்ற ஆக்சிஜனை உடம்பு செலவழித்து இருக்காது. வாட்சுக்கு அது தெரியாது. "ஆசாமி ஓடுறான் போல" என்ற கணக்கில் எழுதிக் கொள்ளும்.

பாரில் மாட்டி இருப்பது 20 கிலோவா 80 கிலோவா என்பதும் அதற்குத் தெரியாது. மணிக்கட்டை மடக்கினால் துடிப்பே சரியாகப் பதிவாகாமல் போவதும் உண்டு.

இன்னும் 2 கதை

ஜிம்களில் உலவும் கதைகள் வேறு 2 உண்டு.

ஒன்று, "வீட்டுக்குப் போன பிறகும் ராத்திரி பூராவும் எரியும்" என்பது. எரிவது உண்மை. அளவுதான் பொய். சாதாரணப் பயிற்சிக்குப் பிறகு இப்படிக் கூடுதலாக எரிவது பொதுவாகச் சில பத்துக் கலோரிதான்.

மற்றொன்று, "தசை ஏறினால் சும்மா இருந்தாலே கொழுப்பு கரையும்" என்பது. 1 கிலோ தசை ஓய்வில் நாளொன்றுக்கு எரிப்பது சுமார் 13 கலோரி. மாதக் கணக்கில் பாடுபட்டு 2 கிலோ தசை ஏற்றினால் தினம் 26 கலோரி லாபம். அது அரை இட்லிக்குச் சமம்.

அப்போ வீணா?

"மாஸ்டர், அப்போ நான் தூக்கினது எல்லாம் வீணா?" என்று கேட்கத் தோன்றும். வீண் இல்லை. ஒரு சதவீதம்கூட வீண் இல்லை!

சாப்பாட்டில் இருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையை, இன்சுலின் உதவியோடு பெரும்பங்கு வாங்கிக் கொள்வது தசைதான். தசையை வேலை வாங்க வாங்க அது சர்க்கரையை நன்றாக வாங்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய். இந்த நிலையில் தசை என்பது பனியனில் காட்டும் அலங்காரப் பொருள் அல்ல.

இன்னொரு நன்மை. சாப்பாட்டை மட்டும் குறைத்து எடை இறக்கினால், கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். பளு தூக்குகிறவருக்குத் தசை பெரும்பாலும் நிற்கும், போவது கொழுப்பு. வயதானபோது படி ஏறவும், பஸ்சில் கம்பியைப் பிடித்து நிற்கவும் உதவுவது அந்தத் தசையே.

வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைக்கான பயிற்சி வேண்டும் என்று 2020-ல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. பெரிய ஜிம்தான் வேண்டும் என்பதில்லை. மாநகராட்சிப் பூங்காக் கருவிகளும், தாத்தா காலத்துத் தண்டாலும் பஸ்கியும் போதும்.

இரட்டை வரவு

செல்போனில் சாப்பாட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பொறி உண்டு.

பல செயலிகள் தொடக்கத்திலேயே "வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி?" என்று கேட்கின்றன. "4 நாள்" என்று சொன்னதும், பயிற்சியையும் சேர்த்தே தினசரிச் சாப்பாட்டு அளவைப் போட்டு விடுகின்றன. அதற்குமேல் ஒவ்வொரு நாளும் வாட்சுக் கலோரியைக் கூட்டினால் ஒரே சரக்குக்கு 2 தடவை ரசீது போட்ட கதைதான்.

என்ன எழுத வேண்டும்?

பளு தூக்கியதில் எரிந்த கலோரியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். கணக்கு எழுதியே தீருவேன் என்பவர்கள் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி 3 விஷயம் எழுதினால் போதும்.

முதலாவது, இன்று தூக்கியது எத்தனை கிலோ, எத்தனை தடவை. போன மாதத்தைவிட ஏறி இருந்தால் பயிற்சி பலிக்கிறது.

இரண்டாவது, இடுப்புச் சுற்றளவு. தையல்கார டேப் போதும். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டி மீட்டரும், பெண்களுக்கு 80-ம் தாண்டக்கூடாது என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் எல்லை.

மூன்றாவது, வாரம் ஒருநாள் காலையில், வெறும் வயிற்றில் பார்த்த எடை.

4 வாரம் ஆகியும் இடுப்பும் எடையும் அசையவில்லை என்றால் சாப்பாட்டைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். எடை மளமளவென்று இறங்கி, தூக்கும் கிலோவும் குறைந்தால் சாப்பாடு போதவில்லை என்று பொருள். முட்டை, பருப்பு, சுண்டல், மீன் என்று கூட்டிக் கொள்ளலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டிலும் பயிற்சியிலும் கை வைக்கக்கூடாது.

வாட்சை வீசி எறிய வேண்டியதில்லை. மணி பார்க்கவும், இதயத் துடிப்பைப் பார்க்கவும், 2 செட்டுக்கு நடுவே எத்தனை நிமிடம் அரட்டை அடித்தோம் என்று பார்க்கவும் அது நல்ல துணை. பரோட்டாவுக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கும் அதிகாரம் மட்டும் அதற்குக் கிடையாது.