ரத்தக் குழாய்க்குள் எட்டிப் பார்க்கலாம்!

ஒலியால் ஒரு படம். ஒளியால் ஒரு படம்

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பனிமூட்டம் இறங்கிவிட்டால் பஸ்ஸின் விளக்கு வெளிச்சம் நாலடி கூடத் தாண்டாது. அப்போது டிரைவர் என்ன செய்கிறார்? வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கிறார். ஒளி போகாத இடத்துக்கு ஒலி போகிறது!

மனிதனின் இதயத்திலும் இப்படி வளைந்த பாதைகள் உண்டு. அங்கேயும் ஒலியும் ஒளியும் டாக்டருக்கு வழி காட்டுகின்றன.

முட்டுக் கொடுக்கும் வலை

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் அகலம் 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான். அதில் அடைப்பு ஏற்பட்டு ரத்தம் நின்றுவிட்டால் மாரடைப்பு!

மெல்லிய குழாய் வழியாகப் பலூனை அனுப்பி, அதை ஊதி, அடைப்பை விலக்கலாம். 1977-ம் ஆண்டு சூரிச் நகரில் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இதைச் செய்து காட்டினார். இந்தியாவில் இதன் முன்னோடி, சென்னையில் பணியாற்றிய டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல்.

விலகிய அடைப்பு மறுபடி மூடாமல் முட்டுக் கொடுக்கும் கம்பி வலைக்குழாய்தான் 'ஸ்டென்ட்'. 1986-ல் இது முதன்முதலாக மனித இதயக் குழாயில் வைக்கப்பட்டது.

நிழல் போதுமா?

ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று பார்த்தால், கீழே மலைப்பாதை கோடு போலத் தெரியும். எங்கே பள்ளம், எங்கே மேடு என்று தெரியுமா? தெரியாது.

'ஆஞ்சியோகிராம்' அப்படித்தான். சாயத்தைச் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம் அது. ரத்தம் ஓடும் வழி நிழலாகத் தெரியும். குழாயின் சுவரில் சுண்ணாம்பு எவ்வளவு இறுகியிருக்கிறது, ஸ்டென்ட் நன்றாக விரிந்ததா என்பதெல்லாம் சரியாகத் தெரியாது. விரியாத ஸ்டென்டில் ரத்தம் உறைந்தால் மறுபடியும் ஆபத்து!

ஹாரன் போல ஒன்று

'ஐவஸ்' என்ற கருவி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பருமன். குழாய்க்குள் போய், காதுக்குக் கேளாத ஒலியை எழுப்பும். எதிரொலி படமாகும். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுப்பதும் இதே முறையில்தான். ரத்தம் இதற்குத் தடையே இல்லை. சுவரின் ஆழம் வரை பார்க்கும்.

விளக்கு போல ஒன்று

'ஓ.சி.டி.' கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் படம் எடுக்கும். ஐவஸைவிடச் சுமார் 10 மடங்கு நுணுக்கம்! ஸ்டென்டின் கம்பி ஒவ்வொன்றும் சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று காட்டிவிடும்.

ஆனால் ஒளிக்கு ரத்தம்தான் பனிமூட்டம். பொதுவாகச் சாயத்தைச் செலுத்தி, சில விநாடி ரத்தத்தை ஒதுக்கவேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதிகச் சாயம் ஆகாது. அவர்களுக்கு ஒலிக்கருவி ஏற்றது.

எது சிறந்தது?

தென்கொரியாவில் சிக்கலான அடைப்புள்ள 1,639 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2023-ல் வெளியாயிற்று. எக்ஸ்ரேயை மட்டும் நம்பிச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்கு இதயத்தால் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தது. உள்ளே பார்த்துச் செய்தவர்களில் சுமார் 8 பேருக்குத்தான்!

ஒலியா, ஒளியா? அதே ஆண்டு, அதே நாட்டில் 2,008 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் ஒளி, ஒலிக்குச் சளைக்கவில்லை. அடைப்பு சிக்கலானது என்று டாக்டர் சொன்னால், "உள்ளே பார்த்துச் செய்வீர்களா?" என்று குடும்பத்தார் தாராளமாகக் கேட்கலாம்.

முதலில் நேரம்!

நெஞ்சில் அழுத்தும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் கண்டால், "வாயுத் தொல்லை" என்று சுக்குக் கஷாயம் குடித்துக் காத்திருக்கக்கூடாது. 108-ஐ அழைக்கவேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கப்பட்டது.

மலையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 20 வளைவுகளையும் கடந்து சேலம் போய்ச் சேரவேண்டுமே! எந்தக் கருவியால் பார்ப்பது என்பதை டாக்டர் முடிவு செய்வார். நேரத்தோடு அவரிடம் போய்ச் சேருவது நம் கையில் இருக்கிறது!