ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிள்ளை! - எக்செல் சார்ட்டைப் பேசவைக்கும் மேக்ரோ

‘அவர் ஊரில் பெரும்புள்ளி’ என்கிறோம். ‘அரசியலில் முக்கியப் புள்ளி’ என்று செய்தி படிக்கிறோம். தமிழில் புள்ளி என்றால் வெறும் பொட்டு அல்ல. அது ஓர் ஆளையும் குறிக்கும். ஆனால், எக்செல்லில் சார்ட் போட்டவுடன் இது நமக்கு மறந்துவிடுகிறது. திரையில் நாற்பது புள்ளிகள் சிதறிக் கிடக்கும். எது யாருடையது என்று தெரியாது. ‘மொத்தத்தில் பரவாயில்லை’ என்று சொல்லி ஃபைலை மூடிவிடுவோம்.

அந்தப் புள்ளிகளுக்குப் பெயர் எழுதவும், கவனிக்க வேண்டியதை மட்டும் சிவப்பாக்கவும் எக்செல்லுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. அதுதான் மேக்ரோ. ஆசிரியர்கள், கடைக்காரர்கள், சுயஉதவிக் குழுவின் கணக்கு பார்ப்பவர்கள், வீட்டில் அப்பாவின் சுகர் அளவைக் குறித்துவைப்பவர்கள் என யாருக்கும் இது கைகொடுக்கும்.

சராசரி சொல்லாத சேதி

ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். டீச்சர் எக்செல்லில் மூன்று பத்திகள் போடுகிறார்: பெயர், வருகை சதவிகிதம், கணக்கில் வாங்கிய மார்க். வருகையைப் படுக்கை அச்சிலும் மார்க்கை நிமிர்ந்த அச்சிலும் வைத்து ‘ஸ்கேட்டர்’ சார்ட் போடுகிறார். ஒரு பிள்ளைக்கு ஒரு புள்ளி.

வகுப்பின் சராசரி 64. மோசமில்லைதான். ஆனால், சார்ட்டின் வலது கீழ் மூலையில் ஒரு புள்ளி தனியாக நிற்கிறது. வருகை 96 சதவிகிதம், மார்க் 28. தினமும் தவறாமல் வந்து, சத்தம் போடாமல் உட்கார்ந்து, எதுவும் புரியாமலே வீட்டுக்குப் போகும் பிள்ளை அது. சேட்டை செய்யும் பிள்ளை கண்ணில் படும். இந்தப் பிள்ளை படாது. சராசரியிலும் தெரியாது. புள்ளியில் மட்டும்தான் தெரியும்.

பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியல் அறிஞர் 1973-ல் இதை அழகாக நிரூபித்தார். தலா 11 புள்ளிகள் கொண்ட நான்கு பட்டியல்களை உருவாக்கினார். நான்குக்கும் சராசரி ஏறக்குறைய ஒன்றே. மற்றக் கணக்குகளும் அப்படியே. ஆனால், சார்ட்டாகப் போட்டால் நான்கும் நான்கு விதம்! ஒன்று வளைகிறது, இன்னொன்றில் ஒரே ஒரு புள்ளி மொத்தக் கோட்டையும் தன் பக்கம் இழுக்கிறது. எண்களை மட்டும் நம்பாதே, படம் போட்டுப் பார் என்பதுதான் அவர் சொன்ன பாடம்.

விடுபட்ட புள்ளிகள்... பறிபோன 7 உயிர்கள்

புள்ளியைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகிவிடும்? 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73-வது விநாடியில் சிதறியது. 7 பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் இணைப்புகளில் இருந்த ‘ஓ-ரிங்’ என்ற ரப்பர் வளையம் கடுங்குளிரில் சரியாக வேலை செய்யாததே காரணம்.

முந்தைய இரவே சில பொறியாளர்கள் ‘இந்தக் குளிரில் வேண்டாம்’ என்று எச்சரித்திருந்தார்கள். ஆனால், குளிருக்கும் வளையத்தின் பாதிப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தபோது, பாதிப்பு ஏற்பட்ட பயணங்களை மட்டுமே ஒப்பிட்டார்கள். அதில் தெளிவாக எதுவும் தெரியவில்லை. பாதிப்பே இல்லாத பயணங்களையும் சேர்த்துப் புள்ளி வைத்திருந்தால் சித்திரமே வேறு என்று விசாரணைக் குழு பின்னர் காட்டியது. பாதிப்பில்லாத பயணங்கள் எல்லாமே கதகதப்பான நாள்களில் நடந்தவை. விடுபட்ட புள்ளிகளில்தான் எச்சரிக்கை இருந்தது.

மேக்ரோ என்றால் என்ன?

நாம் மவுஸால் செய்யும் வேலையை எக்செல் தானே செய்யும்படி எழுதிவைக்கும் உத்தரவுதான் மேக்ரோ. இதற்கான மொழி ‘விபிஏ’. 1993-ல் வெளிவந்த எக்செல் 5 பதிப்பிலிருந்து இது இருக்கிறது.

நாற்பது புள்ளிகளுக்குக் கையாலேயே பெயர் எழுதலாமே என்று கேட்கலாம். எழுதலாம். அடுத்த தேர்வுக்கு மறுபடி எழுத வேண்டும். ஐந்து பாடம், நான்கு தேர்வு என்றால் 800 முறை! மேக்ரோ என்றால் ஒருமுறை எழுதினால் போதும்.

எக்செல் 2013 முதல், லேபிள் அமைப்புகளில் ‘வேல்யூ ஃப்ரம் செல்ஸ்’ என்ற வசதி இருக்கிறது. வெறும் பெயர் எழுத மட்டும் என்றால், மேக்ரோ இல்லாமல் அதுவே போதும். அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கும், நிபந்தனை போட்டு நிறம் மாற்ற நினைப்பவர்களுக்கும்தான் மேக்ரோ தேவை.

ஊர், தெரு, கதவு எண்

கடிதத்துக்கு முகவரி எழுதுவதுபோலத்தான் மேக்ரோவில் புள்ளியைக் கூப்பிட வேண்டும். சார்ட் என்பது ஊர். அதற்குள் ‘சீரிஸ்’ என்பது தெரு. அதாவது, ஒரே வரிசையைச் சேர்ந்த புள்ளிகள். ‘பாயின்ட்’ என்பது கதவு எண். ‘இந்த சார்ட்டில், முதல் சீரிஸில், 7-வது பாயின்ட்’ என்றால் சரியான வீட்டுக்குப் போய்விடும்.

முதலில் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மேக்ரோ செய்ததை ‘அன்டூ’ கொடுத்துத் திரும்பப்பெற முடியாது. பிறகு ‘வியூ’ மெனுவில் ‘மேக்ரோஸ்’ போய் ‘ரெக்கார்டு மேக்ரோ’ கொடுங்கள். சார்ட்டில் ஒரு புள்ளியை க்ளிக் செய்தால் எல்லாப் புள்ளிகளும் தேர்வாகும். மறுபடி க்ளிக் செய்தால் அந்த ஒன்று மட்டும். அதன் நிறத்தைச் சிவப்பாக்கிவிட்டு ரெக்கார்டிங்கை நிறுத்துங்கள். ஆல்ட் விசையோடு எஃப் 11 அழுத்தினால், நீங்கள் செய்த வேலை மேக்ரோ வரிகளாக எழுதப்பட்டிருக்கும்.

அதில் ஒரே ஒரு புள்ளியின் எண்தான் இருக்கும். அந்த இடத்தில், 1 முதல் கடைசிப் புள்ளி வரை ஒவ்வொன்றாகப் போகச் சொல்லும் ‘ஃபார் - நெக்ஸ்ட்’ சுழலைச் சேர்க்க வேண்டும். சுழலுக்குள் செய்ய வேண்டியவை:

* எல்லாப் புள்ளியையும் முதலில் ஒரே நீல நிறமாக்கு.
* புள்ளிக்கு லேபிளை வரவழை. பெயர்ப் பத்தியில் அதே வரிசையில் உள்ள பெயரை அதில் எழுது.
* வருகை 85-க்கு மேல் இருந்து, மார்க் 35-க்குக் கீழ் இருந்தால், புள்ளியைச் சிவப்பாக்கு; அளவைப் பெரிதாக்கு; வடிவத்தையும் வட்டத்திலிருந்து முக்கோணமாக மாற்று.

வடிவத்தை ஏன் மாற்ற வேண்டும்? கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் சிவப்பும் நீலமும் ஒன்றுபோலத் தெரியும். நிறக்குருடு உள்ளவர்களுக்கும் வடிவம் உதவும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘உன் மார்க் எவ்வளவு?’ என்று விபிஏ-வில் புள்ளியிடம் நேரடியாகக் கேட்க முடியாது. சீரிஸிடம்தான் கேட்க வேண்டும். அதன் ‘வேல்யூஸ்’ பட்டியலில் மார்க்கும், ‘எக்ஸ்வேல்யூஸ்’ பட்டியலில் வருகையும் இருக்கும். புதிதாக எழுதுபவர்கள் பலரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

தப்பான தலையில் தப்பான பெயர்

மேக்ரோ சொன்னதைச் செய்யும்; நினைத்ததைச் செய்யாது. நான்கு இடங்களில் உஷார்!

பட்டியலை மார்க் வரிசைப்படி மாற்றி அடுக்கினால் புள்ளிகளின் வரிசையும் மாறும். ஆனால், மேக்ரோ எழுதிய பெயர் பழைய எண்ணிலேயே நிற்கும். ஒரு பிள்ளையின் பெயர் இன்னொரு பிள்ளையின் மார்க்கில்! வரிசை மாற்றினால் மேக்ரோவை மறுபடி ஓடவிடுங்கள்.

ஃபில்டர் போட்டுச் சில வரிசைகளை மறைத்தாலும் இதே சிக்கல்தான். மறைந்த வரிசைகளைச் சார்ட் சாதாரணமாகக் காட்டாது. அதனால் 40 பெயர்கள், 31 புள்ளிகள் என்று கணக்கு உதைக்கும். ஃபில்டரை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

தேர்வுக்கு வராத பிள்ளைக்கு மார்க் கட்டத்தில் ‘ஆப்சென்ட்’ என்று எழுதுவீர்கள். எக்செல் அந்த எழுத்தைச் சார்ட்டில் பூஜ்ஜியமாக்கிவிடும். காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளை சைபர் வாங்கியதாகத் தெரியும்! அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

நான்காவதுதான் முக்கியம். எல்லாவற்றையும் முதலில் நீலமாக்கும் வரியை விட்டுவிட்டால், போன தேர்வில் சிவப்பான புள்ளி, இந்தத் தேர்வில் 60 மார்க் வாங்கினாலும் சிவப்பாகவே இருக்கும். ஒருமுறை குத்திய முத்திரையைக் கம்ப்யூட்டர் தானாக அழிக்காது.

பாதுகாப்பும் போனும்

மேக்ரோ உள்ள ஃபைலை ‘மேக்ரோ எனேபிள்டு வொர்க்புக்’ ஆகத்தான் சேமிக்க வேண்டும். சாதாரண எக்செல் ஃபைலாகச் சேமித்தால் மேக்ரோ காணாமல்போகும். முன்பின் தெரியாதவர் அனுப்பிய ஃபைலில் ‘எனேபிள்’ பட்டனை அழுத்தாதீர்கள். 1999-ல் உலகைக் கலங்கடித்த ‘மெலிசா’ வைரஸ், வேர்டு ஃபைலின் மேக்ரோவில் ஒளிந்து வந்ததுதான். அதனால்தான் இணையத்திலிருந்து இறக்கிய ஃபைல்களின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் இப்போது தானாகவே தடுக்கிறது.

இதைப் போனில் படித்துக்கொண்டிருக்கிறீர்களா? போனில் உள்ள எக்செல் ஆப்பில் இந்த மேக்ரோ ஓடாது. கம்ப்யூட்டரில் ஓட்டிச் சேமித்தால், நிறமும் பெயரும் மாறிய சார்ட்டைப் போனில் பார்க்கலாம்.

பார்க்கலாம் என்பதற்காகப் பெயர்களோடு அதைப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். ஒரு பிள்ளையின் சிவப்புப் புள்ளி, நாற்பது வீடுகள் பார்க்க வேண்டிய விஷயமல்ல. டீச்சரும், தேவைப்பட்டால் அந்த வீட்டாரும் பார்த்தால் போதும்.

சிவப்பு என்பது தீர்ப்பு அல்ல. ‘இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள்’ என்ற கைகாட்டி. கரும்பலகை கண்ணுக்குத் தெரியவில்லையா, போன வருடப் பாடமே புரியவில்லையா, வீட்டில் ஏதாவது பிரச்னையா என்று மேக்ரோ கண்டுபிடிக்காது. பக்கத்தில் உட்கார்ந்து, “என்னப்பா, எந்த இடத்துல புரியலை?” என்று டீச்சர்தான் கேட்க வேண்டும். யாரிடம் முதலில் கேட்பது என்பதை மட்டும் புள்ளி காட்டிவிடும்.