ஆத்திரத்திலிருந்து ஒரு பல்கலைக்கழகம்

1990 ஆகஸ்ட் மாதத்தைப் பற்றி அம்பாறைக் கரையோரத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை எங்கும் பொடியன்மார் கொதித்துப்போயிருந்தார்கள். அந்தக் கொதிப்புக்கு நியாயம் இருந்தது. ஆனால் அது எங்கே போய் இறங்கியது? 12ஆம் திகதி, சம்மாந்துறைக்குப் பக்கத்து வீரமுனையில், பிள்ளையார் கோவிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். படையினரோடு முஸ்லிம் ஊர்காவற்படையினரும் வந்தார்கள் என்பதே தப்பியவர்களின் சாட்சியம். காத்தான்குடியில் சுட்டவன் எவனும் அந்தக் கோவிலில் ஒளிந்திருக்கவில்லை. நம்மவர்கள் இதை மேடைகளில் பேசுவதில்லை. பேச வேண்டும்.

அதே சம்மாந்துறையில் 1948இல் பிறந்து, கல்முனையில் வளர்ந்தவர் எம்.எச்.எம். அஷ்ரப். சட்டத்தரணி, கவிஞர். மேடையேறினால் அனல் பறக்கும். ஆயினும் அவருடைய கெட்டித்தனம் மேடையில் அல்ல, மேசையில்தான் இருந்தது என்பது என் எண்ணம். அவர் 1981இல் முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கியபோது, ஒரு மாவட்டத்தில் 12.5 வீத வாக்கு எடுக்காத கட்சிக்கு அங்கே ஆசனம் இல்லை என்பது சட்டம். சிறுபான்மைக் கட்சிகளுக்கு வாசலே அடைத்திருந்தது. 1988 ஜனாதிபதித் தேர்தலை ஒட்டிப் பிரேமதாசவோடு பேரம் பேசி, அந்த வெட்டுப்புள்ளியை 5 வீதமாக இறக்க வைத்தார். அன்று கல்லெறிந்திருந்தால் நாலு கண்ணாடி உடைந்திருக்கும். இலக்கத்தை மாற்றியதால் நாட்டின் எல்லாச் சிறு கட்சிகளுக்கும் வழி பிறந்தது.

பிறகு ஒலுவில் பல்கலைக்கழகம். யுத்தத்தால் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிப்பது நமது பிள்ளைகளுக்கு உயிரைப் பணயம் வைப்பதாயிற்று. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதோடு யாழ்ப்பாணமும் மூடிக்கொண்டது. எத்தனையோ பேரின் பட்டப்படிப்பு நடுவில் நின்றது. உம்மாமார் நகையை விற்றுப் படிக்க அனுப்பிய பிள்ளைகள் வீட்டில் குந்தியிருந்தால் அவர்கள் கையில் எவன் என்ன கொடுப்பான் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 1994இல் அரசாங்கம் அமைய அஷ்ரபின் ஆசனங்கள் தேவைப்பட்டன. அமைச்சரானார். 1995 ஒக்டோபர் 23, அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தது. 1996 மே 15 அது தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது, பேராசிரியர் எம்.எல்.ஏ. காதர் முதல் உபவேந்தர். பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில், வீரமுனையிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கிறது. இன்று சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். பழிவாங்கும் வேகத்தில் கட்டியிருந்தால் அவர்களுக்கு அங்கே கதிரை இருந்திருக்காது.

அவருடைய கனவுகள் எல்லாம் பலித்தன என்று சொல்ல வரவில்லை. 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது, பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. 2000 செப்டெம்பர் 16, அரநாயக்கவில் ஹெலிகொப்டர் விழுந்து அவர் மௌத்தானார். அதற்கு முந்திய ஆண்டுதான் ‘நான் எனும் நீ’ கவிதைத் தொகுதி வந்திருந்தது.

கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும் என்பது நபிமொழி. சும்மா உட்கார்ந்திருக்கத்தான் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை; உட்கார்ந்தால்தானே பேனை பிடிக்கலாம்.

கல்முனை வடக்குப் பிரதேச செயலகம், சாய்ந்தமருது நகர சபை என்று இன்றைக்கும் ஆத்திரத்துக்குக் குறைவில்லை. 2019 ஜூனில் கல்முனையில் அந்தச் செயலகத்துக்காக ஒரு பக்கம் உண்ணாவிரதம், அதற்கு எதிராக மறுபக்கம் சத்தியாக்கிரகம். தம்பிமாரே, தங்கச்சிமாரே, இன்றிரவு முகநூலில் அடுத்த ஊரைத் திட்டி எழுதுமுன் அந்த ஊரின் எல்லை வரைபடத்தையும் சனத்தொகைக் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த ஊர்க்காரரோடு ஒரு மேசையில் உட்காருங்கள்.