மென்பொருள் பணி: ஒப்பந்தக்காரரா, நிரந்தர ஊழியரா?

அரசுத் துறையொன்று புதிய கணிப்பொறி அமைப்பை நிறுவ முடிவு செய்தவுடன் எழும் முதல் வினா, அதற்கான நிரல்களை எழுதுவோரை எவ்வாறு அமர்த்துவது என்பதே ஆகும். பணியிடங்களை உருவாக்கித் தேர்வு நடத்தி ஊழியரை நியமிப்பதா, அல்லது ஒப்பந்தப்புள்ளி கோரி ஒரு நிறுவனத்திடம் ஒப்படைப்பதா? கோப்புகளில் இவ்வினா பெரும்பாலும் செலவுக் கணக்காகவே விவாதிக்கப்படுகிறது. நிரந்தர ஊழியருக்கு ஊதியத்துடன் விடுப்பு, மருத்துவ வசதி, ஓய்வுக்காலப் பயன்கள் ஆகியவற்றுக்கும் வகை செய்ய வேண்டும். ஒப்பந்தத்திலோ பணி முடிந்ததும் பொறுப்பும் முடிந்துவிடும் என்பது வழக்கமான வாதம். பாலம் கட்டுவதற்கு இவ்வாதம் ஓரளவு பொருந்தும். மென்பொருளுக்கு அது பொருந்துவதில்லை.

முடிவுறாத பணி

கட்டி முடித்த பாலம், விதி மாறினால் தானும் மாற வேண்டியதில்லை. மென்பொருள் மாறியாக வேண்டும். அதன் வாழ்நாட் செலவில் பெரும்பகுதி, எழுதும் காலத்தில் அன்றிப் பராமரிக்கும் காலத்திலேயே ஏற்படுகிறது என்பது இத்துறையினர் நெடுங்காலமாக அறிந்த உண்மை.

மத்திய அரசின் ஓய்வூதியக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஓய்வு பெறுபவர் தம் ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தத் தொகையாகப் பெற்றுக்கொள்ளலாம். அவ்வாறு குறைக்கப்பட்ட பகுதி 15 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சேர்க்கப்படும். 80 வயதை எட்டியவருக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதமும், 85 வயதை எட்டியவருக்கு 30 சதவீதமும் கூடுதலாக உண்டு. அகவிலை நிவாரணமோ ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகிறது. இவை ஒவ்வொன்றும் நிரலில் சில வரிகளே. ஆனால் எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவது, பழைய ஊதிய விகிதத்தில் ஓய்வு பெற்றவரை எவ்வாறு நடத்துவது, ஒரு விதிவிலக்கு ஏன் அங்கே இடம்பெற்றது என்பன போன்ற செய்திகளில் பாதி ஆவணத்தில் இருக்கும். மீதி எழுதியவரின் நினைவில் இருக்கும். எழுதியவர் ஒப்பந்தம் முடிந்து வேறு நகரத்தில் வேறு பணிக்குச் சென்றபின், அடுத்த ஆணையைச் செயற்படுத்த வருபவர் அந்த வரிகளைத் தொடவே அஞ்சுவார். தொட்டுத் தவறு நேர்ந்தால் அதன் சுமை எண்பது வயது ஓய்வூதியர்மீதே விழும்.

எனவே ஆராய வேண்டியது மாதச் செலவு மட்டுமன்று. அமைப்பைப் பற்றிய அறிவு எவரிடம் தங்குகிறது என்பதே அதனினும் முதன்மையானது.

இந்திய அனுபவம்

இதற்கு நம் நாட்டில் மாறுபட்ட வழிகள் கையாளப்பட்டுள்ளன. தேசிய தகவலியல் மையம் 1976-இல் தோன்றிய காலத்தில் அரசே தன் நிரலாளர்களை வளர்த்துக்கொள்ளும் என்பதே எண்ணம். 1995-இல் அம்மையத்தின் கீழ் ஒரு தனி நிறுவனம் ஏற்பட்டு, அதன் வாயிலாக முகமைகளிலிருந்து ஆட்களைப் பெறும் முறையும் பரவியது. இரயில்வே வேறு வழியை மேற்கொண்டது. தில்லியில் கணிப்பொறி வழி முன்பதிவு 1980-களின் நடுவில் தொடங்கியது; 1986-இல் இரயில்வே தகவல் அமைப்பு மையம் தன்னாட்சிச் சங்கமாக நிறுவப்பட்டது. ஐந்து முன்பதிவு மையங்களையும் இணைக்கும் மென்பொருளை அம்மையமே உருவாக்கியது. அயற்பணியில் வந்த இரயில்வே அலுவலர்களும் தொழில்நுட்ப ஊழியரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர். ஒதுக்கீட்டுப் பங்கு, காத்திருப்போர் பட்டியல் போன்ற நுணுக்கங்களைப் பயணச்சீட்டு வழங்கிப் பழகியவரே அறிவர். அவர்களை அருகில் வைத்துக்கொண்டதே இம்முறையின் வலிமை எனலாம்.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவு அமைப்பு இதற்கு நேர்மாறு. 2006-இல் ஒரு தனியார் நிறுவனத்தின் பொறுப்பில் தொடங்கி, 2013-இல் இரண்டாவது நிறுவனத்துக்கும், பின்னர் மூன்றாவதற்கும் அது கைமாறியது. போட்டி இருத்தல் நன்றே; எனினும் ஒவ்வொரு கைமாற்றமும் பல இலட்சம் கம்பெனிகளின் பதிவேடுகளை ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குப் பெயர்ப்பதை ஒத்தது. சரக்கு சேவை வரி வலையமைப்போ இரண்டுக்கும் இடைப்பட்டது: 2013-இல் அமைந்த ஒரு கம்பெனி அமைப்புக்குப் பொறுப்பேற்க, 2015-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட தனியார் நிறுவனம் கட்டுமானத்தை மேற்கொண்டது. அக்கம்பெனியை முழுவதும் அரசுடைமையாக்க 2018-இல் முடிவு செய்யப்பட்டது.

சட்டத்தின் பார்வை

1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், ஆண்டு முழுவதும் தொடர்ந்து நடைபெறும் பணியா என்பதை ஒப்பந்த முறையைத் தடை செய்வதற்கான அளவுகோல்களுள் ஒன்றாக வைத்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரைச் சில விதிவிலக்குகளுடன் தடுக்கிறது. ஆயின், ஒப்பந்தக்காரரிடமே முறையான பணியில் இருந்து, ஊதிய உயர்வும் சமூகப் பாதுகாப்பும் பெறுபவர் இச்சட்டத்தின் பொருளில் ஒப்பந்தத் தொழிலாளர் ஆகார். பெரிய மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர் இவ்விலக்கினுள் வந்துவிடுவார். முகமை ஒன்றின் பெயரில் அமர்ந்து, ஆண்டுதோறும் ஆணை புதுப்பிக்கப்பட்டு, ஒரே நாற்காலியில் பத்தாண்டு பணிபுரிபவர் நிலை வேறு. பக்கத்து இருக்கையில் அதே பணியைச் செய்பவருக்கு உள்ள விடுப்பும் உயர்வும் அவருக்கு இல்லை. அமைப்பை முழுமையாக அறிந்தவர் சில அலுவலகங்களில் அவர் ஒருவரே என்பது வியப்பான உண்மை.

இத்தகையோர் நிரந்தரம் கோரும்போது, முறையான தேர்வின்றி அமர்த்தப்பட்டவருக்கு அவ்வுரிமை இல்லை என்ற 2006-ஆம் ஆண்டு உமாதேவி வழக்குத் தீர்ப்பு முன்வைக்கப்படும். அத்தீர்ப்பை நெடுங்கால ஊழியருக்கு எதிரான கேடயமாக்கலாகாது என உச்ச நீதிமன்றமே, மத்திய நீர் ஆணையத்தின் பகுதிநேர ஊழியர் வழக்கில், 2024 டிசம்பரில் கூறியுள்ளது.

பதிப்புரிமையும் கவனத்துக்குரியது. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிரல் ஓர் இலக்கியப் படைப்பாகக் கருதப்படுகிறது. ஊழியர் தம் பணியில் எழுதியது பொதுவாக அமர்த்தியவருக்கே உரியது. வெளியார் எழுதியதற்கு எழுத்து மூலமான உரிமை மாற்றம் தேவைப்படலாம். அம்மாற்றத்தில் காலவரை குறிக்கப்படவில்லையெனில் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். ஒப்பந்தத்தை வரைவோர் தவறவிடக்கூடிய இடம் இது.

எதை எவரிடம் தருவது?

ஒப்பந்த முறையே தீது என இதனால் பொருளாகாது. பழைய பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றுதல், பாதுகாப்புத் தணிக்கை, ஆறு திங்களே தேவைப்படும் அரிய திறன் ஆகியவற்றுக்கு வெளியாரே தக்கவர். தேர்வாணையத்தின் வழி ஆள் வந்து சேர்வதற்குள் தொழில்நுட்பமே மாறிவிடுவதும் உண்டு. நிரந்தர ஊழியரும் பயிற்சியின்றித் தேங்கலாம், மாற்றலாகிச் செல்லலாம். ஆயினும் தேவைகளை வரையறுத்தல், தரவின் காவல், வந்த நிரலைச் சோதித்து ஏற்றல் ஆகிய மூன்றும் துறையின் சொந்த அலுவலரிடமே இருத்தல் வேண்டும். இவற்றை அறிந்தவர் உள்ளே இல்லாத துறை, ஒப்பந்தக்காரரின் பட்டியலை அவர் சொற்படியே ஏற்க நேரிடும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இறுதித் தவணையை வழங்குமுன், ஒப்படைக்கப்பட்ட மூல நிரலிலிருந்து முழு அமைப்பையும் ஒப்பந்தக்காரரின் உதவியின்றித் தம் கணிப்பொறியில் நிறுவி இயக்கிக் காட்டுமாறு துறை அலுவலரைக் கேட்கலாம். அதைச் செய்யவல்ல நான்கைந்து பேருக்கான பணியிடங்கள் திட்ட மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டும். அமைப்பு இயங்கத் தொடங்கிய பின் நிதித் துறையிடம் அவற்றுக்கு ஒப்புதல் பெறுவது மிகக் கடினம்.