மூன்றாவது நாவல் ஏன் இன்னும் முடியவில்லை?

கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் இருக்கும் வீட்டுத்திட்ட வீடு அது. முன்னறைக் கட்டிலுக்குக் கீழே மூன்று அட்டைப்பெட்டிகள். கறையான் ஏறாமல் இருப்பதற்காக ஒவ்வொன்றையும் செங்கற்களின் மேல் வைத்திருக்கிறார்கள். பெட்டிகளுக்குள் இருப்பவை அந்த வீட்டுக்காரர் எழுதி, அவரே பணம் கொடுத்து அச்சிட்ட இரண்டாவது நாவலின் விற்காத பிரதிகள்.

வீட்டுக்காரர் ஓர் அரச பாடசாலை ஆசிரியை. வயது 54. ஊரில் எல்லோரும் அழைப்பதுபோல நானும் அவரை ரீச்சர் என்றே அழைக்கிறேன். அவருடைய பெயரையோ நாவல்களின் தலைப்புகளையோ இந்தக் கட்டுரையில் எழுதவில்லை. அப்படித்தான் அவர் கேட்டுக்கொண்டார். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

செய்தியாளராக நான் எத்தனையோ நூல் வெளியீட்டு விழாக்களுக்குப் போயிருக்கிறேன். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஏற்புரை. முதற்பிரதி கைமாறும்போது ஒரு படம், மூன்று பந்தியில் ஒரு செய்தி. அத்தோடு என் வேலை முடிந்துவிடும். அந்தப் புத்தகத்துக்கு மறுநாள் என்ன நடக்கிறது என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. ரீச்சரைச் சந்திக்கப் போனது, தாமதமாகவேனும் அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகத்தான்.

அதிகாலை நான்கு மணி

ரீச்சர் எழுதுவது அதிகாலை நான்கு மணியிலிருந்து ஐந்தரை வரை. அதற்குப் பிறகு அடுப்பு, கிணற்றடி, படுக்கையில் இருக்கும் தாயாருக்கான வேலைகள், ஏழு மணி பஸ். பாடசாலை முடிந்து வந்தால் பயிற்சிக் கொப்பிகள். இரவு எழுதலாமே என்று கேட்டேன். "இரவில எழுதினா பிள்ளை, அடுத்த நாள் வெட்டத்தான் வேணும். களைச்ச மனிசி எழுதினது போலயே இருக்கும்" என்றார்.

கையால்தான் எழுதுகிறார். சீ.ஆர். கொப்பியில் வலப்பக்கம் கதை. இடப்பக்கம் வெறுமையாக இருக்கும். திருத்தங்களும், யாரிடம் எதைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்ற குறிப்புகளும் அங்கே வரும். வார இறுதியில் அந்தப் பக்கங்களைக் கைபேசியில் படம்பிடித்து, வவுனியாவில் இருக்கும் தங்கைக்கும் கனடாவில் இருக்கும் தம்பிக்கும் அனுப்பிவிடுவார். அவர்கள் வாசிக்க வேண்டும் என்பதில்லை, வைத்திருந்தால் போதும்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அவருடைய முதல் நாவல் என்று வெளியே அறியப்படுவது, உண்மையில் அவர் எழுதி முடித்த இரண்டாவது நாவல். முதலாவது 2009இல் போனது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் எதைத் தூக்குவது எதை விடுவது என்று வந்தபோது, நான்கு கொப்பிகளைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பங்கருக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறார். மெனிக் பாம் முகாமில் இருந்தபோது அதைத் திரும்ப எழுதப் பார்த்தாராம். சம்பவங்கள் நினைவில் இருந்தன, வசனங்கள் வரவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கைப்பிரதியும் அவரிடம் ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை.

ஒரு நாவல் புத்தகமாகும் வழி

‘சுயாதீன நாவலாசிரியர்’ என்ற சொல்லைக் கேட்கும்போது, யாருக்கும் கட்டுப்படாமல் எழுதுபவர் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். நடைமுறையில் அதன் பொருள், எழுத்தாளரே பதிப்பாளராகவும் விநியோகஸ்தராகவும் விற்பனையாளராகவும் இருப்பது என்பதுதான்.

முதலில் தட்டச்சு. ரீச்சர் ஒருங்குறியில் தட்டச்சுச் செய்விக்கிறார். ஆனால் அவர் போகும் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு இன்னும் பாமினி எழுத்துருவில்தான் நடக்கிறது. மாற்றும்போது எழுத்துகள் இடம் மாறும், சில காணாமற்போகும். எனவே ஒரு நாவலுக்கு இரண்டு தடவை ஒப்புநோக்க வேண்டும். மெய்ப்புப் பார்க்க ஆளில்லை. அதுவும் அவர்தான்.

அடுத்தது பாரக் கணக்கு. வழமையான நாவல் அளவில் ஒரு பாரம் என்பது 16 பக்கங்கள். 240 பக்க நாவலுக்கு 15 பாரங்கள். ஓப்செற் முறையில் ஒவ்வொரு பாரத்துக்கும் தகடு செய்து இயந்திரத்தில் ஏற்றும் செலவு, 100 பிரதி அடித்தாலும் 1000 பிரதி அடித்தாலும் ஒன்றுதான். அதனால் குறைவாக அச்சிட்டால் ஒரு பிரதியின் அடக்கவிலை ஏறும். கூடுதலாக அச்சிட்டால் பெட்டிகள் கட்டிலுக்குக் கீழே போகும். 50 பிரதி மட்டும் அடிக்கக்கூடிய டிஜிற்றல் அச்சு இப்போது இருக்கிறது. அதில் பெட்டிகள் சேராது. ஆனால் ஒரு பிரதியின் செலவு கூட.

ரீச்சர் 300 பிரதிகள் அச்சிட்டார். செலவு ஏறத்தாழ அவருடைய நான்கு மாதச் சம்பளம். 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அந்த ஆண்டு அச்சுக்குப் போகத் தயாராக இருந்த நாவலை அவர் இரண்டு வருடங்கள் அலுமாரியில் வைத்திருந்தார். பிறகு கடதாசி கிடைத்தது. விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

சட்டப்படியான வேலைகள் ஒப்பீட்டளவில் எளிது. சர்வதேசத் தராதர நூல் எண்ணைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. பதிப்புரிமையைப் பதிவுசெய்யத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுதிய கணத்திலிருந்தே அது எழுத்தாளருக்கு உண்டு. அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். “உரிமை எனக்குத்தான் எண்டு சட்டம் சொல்லுது. பெட்டியும் எனக்குத்தான்” என்று ரீச்சர் சிரித்தார்.

300 பிரதிகள் போன இடம்

ரீச்சரிடம் ஒரு கணக்குக் கொப்பி இருக்கிறது. அதன்படி வெளியீட்டு விழாவன்று போனவை 95 பிரதிகள். எங்கள் வெளியீட்டு விழாக்களை வெறும் சடங்கு என்று நானும் கேலி செய்திருக்கிறேன். ஆனால் அந்த மேடையில் முதற்பிரதியையும் சிறப்புப் பிரதிகளையும் பெறுபவர்கள் கடித உறையில் வைத்துக் கொடுக்கும் பணம்தான் பல எழுத்தாளர்களுக்கு அச்சகக் கடனின் ஒரு பகுதியை அடைக்கிறது. பதிப்பகம் செய்ய வேண்டிய முதலீட்டை உறவினரும் அயலவரும் பழைய மாணவரும் சேர்ந்து செய்கிறார்கள்.

புத்தகக் கடைகளுக்குக் கொடுத்தவை 70. விற்றால்தான் பணம், அதிலும் மூன்றிலொரு பங்கு கடைக்கு. கணக்கு முடிக்க நேரில் போக வேண்டும். யாழ்ப்பாணம் போய் வந்தால் ஒரு நாளும் பஸ் காசும் போய்விடும். இலவசமாகக் கொடுத்தவை 45: விமர்சகர்கள், பேச்சாளர்கள், நூலகங்கள், “எனக்கொண்டு தாறதில்லையோ” என்று கேட்ட தெரிந்தவர்கள். மீதி 90 கட்டிலுக்குக் கீழே.

இலவசப் பிரதி வாங்கியவர்களில் செய்தியாளர்களும் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் தேத்தண்ணி போட எழும்பினார்.

இது புதிய கதையல்ல

எங்கள் நாவல் வரலாறே பெரும்பாலும் இப்படிச் சுமந்தவர்களின் வரலாறுதான். இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் ‘அசன்பேயுடைய கதை’யை 1885இல் தந்த சித்திலெப்பை, ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தானே நடத்தியவர். ‘பஞ்சமர்’ எழுதிய கே. டானியல் பட்டறைத் தொழிலாளியாக வாழ்ந்தவர். சலூன் தொழிலாளியாக இருந்த டொமினிக் ஜீவா 1966இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கினார். பிரதிகளைக் கையில் எடுத்துக்கொண்டு வீதி வீதியாக நடந்து விற்றார். 2012 வரை அதைக் கொண்டுசென்றார்.

இடையில் ஒரு நல்ல காலமும் இருந்தது. எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்டபோது, வீரகேசரி பிரசுரம் இலங்கை எழுத்தாளர்களின் நாவல்களை மலிவு விலையில் வெளியிட்டது. பத்திரிகை போகும் ஊர்களுக்கெல்லாம் நாவலும் போனது. எழுத்தாளர் எழுதினால் போதும் என்ற நிலை சிறிது காலமாவது நிலவியது. அந்த விநியோக வலை பின்னர் இல்லாமற்போனது. போருக்குப் பிறகு வந்து பரவலாகப் பேசப்பட்ட தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’, சயந்தனின் ‘ஆதிரை’ போன்ற நாவல்கள் தமிழ்நாட்டில் பதிப்பிக்கப்பட்டன. வன்னியின் கதை சென்னையில் அச்சாகி, நாணயமாற்று விலையோடு வன்னிக்குத் திரும்பி வருகிறது.

எழுதப்படும் நாவல்

இப்போது ரீச்சரின் மூன்றாவது நாவலுக்கு வருவோம். ஆறு வருடமாக அதை எழுதுகிறார். ஐந்து கொப்பிகள் நிறைந்துவிட்டன. ஆறாவது கொப்பியில் நின்றுபோயிருக்கிறது.

நேரமின்மையும் பணமும் காரணம் என்றுதான் நான் எழுத நினைத்திருந்தேன். அவை காரணங்கள்தான், முழுக் காரணமல்ல. நாவலின் மையப் பாத்திரம், காணாமலாக்கப்பட்ட மகனைத் தேடும் ஒரு தாய். ஊரில் அப்படிப் பலர் இருக்கிறார்கள். ஆனால் ரீச்சர் எழுதியது, பல வருடங்களாகக் கிணற்றடியில் ஓர் அயலவர் தன்னிடம் சொல்லிவந்த கதை. ஒருநாள் அந்த அம்மா, “நீ கதை எழுதுறனியாமே, என்ர கதையும் வருமோ?” என்று கேட்டிருக்கிறார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ரீச்சருக்கு எழுத வரவில்லை.

அவருடைய பெயரை நான் எழுதாததற்குக் காரணம் இதுதான். ரீச்சரின் பெயர் தெரிந்தால் கிராமம் தெரியும். கிராமம் தெரிந்தால் அந்த அம்மாவைத் தெரியும். விசாரணைக் குழுக்களுக்கும் ஆணைக்குழுக்களுக்கும் மீண்டும் மீண்டும் சாட்சியம் சொல்லிக் களைத்த ஒருவரை, இன்னொரு தடவை அவருடைய சம்மதமில்லாமல் சாட்சியாக்கக் கூடாது என்பது ரீச்சரின் நிலைப்பாடு. எங்கள் பல்கலைக்கழக வகுப்பில் ஊடக ஒழுக்கநெறி என்று ஒரு பாடம் படித்தோம். தகவல் தருபவரின் சம்மதம் பற்றி அங்கே படித்ததைவிடக் கூடுதலாக அந்தக் கிணற்றடியில் விளங்கியது.

அவர் எடுத்த முடிவு எளிமையானது, நேரம் பிடிப்பது. எழுதிய அத்தியாயங்களை ஞாயிறு பின்னேரங்களில் அந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறார். இதுவரை நான்கு முடிந்திருக்கின்றன. வேண்டாம் என்று சொன்ன பகுதிகளை வெட்டிவிட்டார். ஆனால் அந்த அம்மா வெட்டச் சொன்னவற்றைவிடத் திருத்தச் சொன்னவைதான் அதிகமாம். என்ன திருத்தங்கள் என்று ரீச்சர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இடப்பக்கத் தாள்கள் இப்போது நிறைந்துவிட்டன என்று மட்டும் சொன்னார்.

“பயமா இருக்கிறது வேற ஒண்டுக்குத்தான்” என்றார். “அவவுக்கும் வயசு போகுது. முடியிறதுக்குள்ள அவ வாசிக்கக் கேக்க வேணும்.”

சுயாதீனமாக எழுதுவதன் பலம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எந்தப் பதிப்பகமும் அவருக்குத் திகதி குறிக்கவில்லை. புத்தகச் சந்தைக்கு முன்னர் முடித்துத் தாருங்கள் என்று கேட்க ஆளில்லை. ஆறு வருடம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சுதந்திரத்தின் செலவை அவர் தனியே கட்டுகிறார். முந்திய நாவலின் பெட்டிகள் காலியாகாமல் அடுத்த நாவலுக்கு அச்சகம் போக முடியாது. அந்த அம்மாவின் காலமோ பெட்டிகளுக்காகக் காத்திருக்காது.

வாசகர்களால் செய்யக்கூடியவை பெரிய விடயங்கள் அல்ல. தெரிந்த எழுத்தாளரிடம் இலவசப் பிரதி கேட்காமல் இருக்கலாம். வாசித்தால் நான்கு வரியாவது எழுதலாம். உங்கள் பிரதேச சபை நூலகத்தில், எங்கள் மாவட்டத்தவரின் நூல்களையும் வாங்குங்கள் என்று எழுதிக் கொடுக்கலாம்.

புறப்படும்போது நான் இரண்டு பிரதிகள் வாங்கினேன். ரீச்சர் விலையில் கழிவு தரப் பார்த்தார், நான் மறுத்தேன். கணக்குக் கொப்பியை எடுத்துத் திகதி, பிரதி, தொகை எல்லாம் எழுதினார். கடைசி நிரலில் 90ஐ வெட்டி, 88 என்று போட்டார்.