கேளாமல் நடத்தப்படும் சோதனைகள்: இணையவழி நடத்தை ஆய்வுகளும் பயனரின் உரிமையும்

கற்றல், நினைவு, கவனம், புலன்களால் உணர்தல் ஆகியவை மனத்தில் எவ்வாறு நிகழ்கின்றன என்பதைச் சோதனைகளின் வழியே ஆராயும் அறிதிறன் உளவியல், நெடுங்காலம் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களுக்குள்ளேயே நடந்துவந்த துறையாகும். ‘சிவப்பு’ என்னும் சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டு, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் கூறச் சொன்னால் மனம் தடுமாறி விடை தாமதமாகிறது என்பதை 1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் காட்டியபோது, அத்தாமதத்தை அளக்கப் பங்கேற்பாளர் ஆய்வாளரின் முன் வந்து அமர வேண்டியிருந்தது. இன்று அதே அளவீட்டை வீட்டிலிருக்கும் கணினியின் உலாவியே மில்லிநொடிக் கணக்கில் செய்துவிடுகிறது. அமேசான் நிறுவனம் 2005இல் தொடங்கிய மெக்கானிக்கல் டர்க், 2014இல் ஆக்ஸ்போர்டில் உருவான ப்ரோலிஃபிக் போன்ற தளங்களின் வழியே சில நூறு பங்கேற்பாளர்களை ஒரே நாளில் திரட்ட முடிகிறது. இதே தொழில்நுட்பம் அழைப்பே இல்லாத இன்னொரு வகைச் சோதனைக்கும் வழிதிறந்திருக்கிறது. ஒரு செயலியோ சமூக ஊடகமோ தன் பயனர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒரு வடிவத்தையும் மற்றதற்கு வேறொன்றையும் காட்டி, யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பது இதன் அடிப்படை. தொழில் வட்டாரத்தில் இதனை ஏ/பி சோதனை என்பர். இரண்டிலும் ஆராயப்படுவது மனித மனமே. எனினும் முதல்வகையில் பங்கேற்பாளருக்கு உள்ள காப்புகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகையில் இல்லை.

அக்காப்புகள் எளிதில் வந்தவை அல்ல. நாஜி மருத்துவர்களின் விசாரணைக்குப் பின் 1947இல் வெளியான நியூரம்பர்க் நெறித்தொகுப்பு, சோதனைக்கு உட்படுபவரின் தன்னிச்சையான ஒப்புதலை முதல் நிபந்தனையாக வைத்தது. அதன் பின்னரும் அமெரிக்காவின் டஸ்கீகியில் கறுப்பின ஆண்களுக்கு மேகநோய் இருப்பதை மறைத்து, சிகிச்சை தராமல் நோயின் போக்கை மட்டும் கவனித்த அரசு ஆய்வு 1932 முதல் 1972 வரை நீடித்தது. அது அம்பலமானதன் விளைவாகவே அந்நாட்டில் 1974இல் தேசிய ஆய்வுச் சட்டமும் 1979இல் பெல்மாண்ட் அறிக்கையும் தோன்றின. இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள், உடல்நலம் சார்ந்த சமூக, நடத்தை ஆய்வுகளையும் தம் வரம்புக்குள் கொண்டுவந்தன. இவை அனைத்தின் மையத்திலும் இருப்பது அறிந்து அளிக்கும் ஒப்புதல் என்னும் கோட்பாடு: ஆய்வின் நோக்கம், அதற்கு ஆகும் நேரம், நேரக்கூடிய தீங்கு, திரட்டப்படும் விவரங்களைக் காணப்போவோர், எந்நேரமும் தண்டனையின்றி விலகும் உரிமை ஆகியவற்றைப் பங்கேற்பாளர் புரியும் மொழியில் முன்கூட்டியே அறிந்து, அதன்பின் சம்மதிப்பதே அது. அச்சம்மதம் முறையாகப் பெறப்படுகிறதா என்பதை ஆய்வுக்கு வெளியே உள்ளவர்களும் இடம்பெறும் அறநெறிக் குழு ஒன்று தொடக்கத்திலேயே பரிசீலிக்க வேண்டும்.

உளவியலுக்கு இவ்விடத்தில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. முழு உண்மையையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சில சோதனைகள் பொருளற்றுப் போகும். கார் மோதல் படத்தைப் பார்த்தவர்களிடம் எலிசபெத் லாஃப்டசும் ஜான் பால்மரும் 1974இல் வேகத்தை மதிப்பிடச் சொன்னபோது, கேள்வியில் கடுமையான வினைச்சொல் இருந்தால் மதிப்பீடு கூடியும் மென்மையான சொல் இருந்தால் குறைந்தும் வந்தது. கேள்வியின் சொல்லாட்சியே சோதிக்கப்படுகிறது என்று முன்னரே தெரிந்திருந்தால் அந்த முடிவு கிடைத்திருக்காது. ஆகவே குறைந்த தீங்குள்ள ஆய்வுகளில் சில செய்திகளை மறைத்துவைக்க அறநெறி விதிகள் இடம் தருகின்றன. அதற்கு ஈடாக, சோதனை முடிந்ததும் மறைத்தது எது, ஏன் என்பதைச் சொல்லி, விரும்பினால் தம் தரவை நீக்கிக்கொள்ளும் வாய்ப்பையும் தரும் பின்விளக்கத்தைக் கட்டாயமாக்குகின்றன. மறைப்புக்கும் ஏமாற்றுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நடைமுறையில் இந்தப் பின்விளக்கத்தில்தான் தங்கியிருக்கிறது.

ஒப்புதல், பின்விளக்கம் ஆகிய இரு காப்புகளும் ஒருசேர விடுபட்டதற்குப் பேஸ்புக்கின் உணர்ச்சித் தொற்று ஆய்வே தெளிவான சான்று. 2012 ஜனவரியில் ஒரு வார காலம், 6,89,003 பயனர்களின் செய்தியோடையில் சிலருக்கு மகிழ்ச்சிச் சொற்கள் கொண்ட பதிவுகளையும் சிலருக்குத் துயரச் சொற்கள் கொண்ட பதிவுகளையும் அந்நிறுவனம் குறைத்துக் காட்டியது. மகிழ்ச்சிப் பதிவுகள் குறைந்தவர்கள் தாங்கள் எழுதிய பதிவுகளில் துயரச் சொற்களைச் சற்றே கூடுதலாகவும், மற்றவர்கள் அதற்கு மாறாகவும் பயன்படுத்தினர் என்ற முடிவு, பேஸ்புக் ஆய்வாளரையும் கார்னெல் பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ள இருவரையும் ஆசிரியர்களாகக் கொண்டு, அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் 2014 ஜூனில் வெளியானது. பயனர் எவரிடமும் தனியே ஒப்புதல் கேட்கப்படவில்லை, பின்விளக்கமும் தரப்படவில்லை. கணக்குத் தொடங்கும்போது ஏற்றுக்கொண்ட தரவுக் கொள்கையே அறிந்து அளித்த ஒப்புதலாகும் என்று கட்டுரை வாதிட்டது. ஆனால் தரவுகள் ஆராய்ச்சிக்குப் பயன்படலாம் என்ற குறிப்பு அக்கொள்கையில் சேர்ந்ததே 2012 மே மாதத்தில், அதாவது சோதனை முடிந்து நான்கு மாதங்களுக்குப் பின்னர்தான் என்பது வெளிப்பட்டது. ஆங்கிலத்தில் பேஸ்புக்கைப் பார்ப்பவர்கள் என்பதே கட்டுரை கூறிய தகுதி என்பதால், இந்தியப் பயனர்கள் பலரும் அதில் இருந்திருக்க வாய்ப்புண்டு.

கார்னெல் அறநெறிக் குழு ஏன் தடுக்கவில்லை என்ற கேள்விக்குக் கிடைத்த விடையே இங்கு மிகவும் கவனிக்கத்தக்கது. தரவைத் திரட்டியது நிறுவனம், பல்கலைக்கழகத்தார் பார்த்தது முடிவுகளை மட்டுமே, ஆகவே இது பல்கலைக்கழகம் மனிதர்கள்மேல் நடத்திய ஆய்வன்று என்று அது முடிவு செய்திருந்தது. தனியார் நிறுவனமோ அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஆய்வு விதிகளுக்குக் கட்டுப்பட்டதன்று. இவ்வாறு ஒரே சோதனை இரு அமைப்புகளுக்கிடையே பிரிந்தபோது, ஒவ்வொன்றும் தன்னளவில் விதியை மீறாமலே, ஏறத்தாழ ஏழு லட்சம் பேரின் உரிமை யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் போயிற்று. கட்டுரை வெளியாகி ஏறத்தாழ ஒரு மாதத்தில் அவ்விதழின் தலைமை ஆசிரியர், ஒப்புதலும் விலகும் வாய்ப்பும் முழுமையாக இல்லாமல் தரவு திரட்டப்பட்டிருக்கக்கூடும் என்ற கவலைக் குறிப்பை வெளியிட்டார். கட்டுரை திரும்பப் பெறப்படவில்லை.

விளைவு ஆயிரம் சொல்லுக்கு ஒரு சொல் என்ற அளவிலேயே இருந்தது என்பது ஆய்வாளர் தரப்பு கூறிய சமாதானம். இது வலுவற்றது. விளைவு சிறியது என்று தெரியவந்தது சோதனைக்குப் பின்னரே அன்றி, தொடங்கும்போது அன்று. மனச்சோர்வால் வாடுபவர் எவரும் அதில் இருக்கவில்லை என்று உறுதிசெய்யவும் யாரும் முயலவில்லை. இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. நிறுவனங்கள் வணிக நோக்கில் இத்தகைய மாற்றங்களை நாள்தோறும் செய்கின்றன, முடிவை வெளியிட்டவரை மட்டும் கண்டித்தால் இனி எவரும் வெளியிடாமல் செய்துகொண்டிருப்பர் என்பது அது. இதில் உண்மை இருப்பினும், கண்காணிப்பு வணிகச் சோதனைகளுக்கும் விரிய வேண்டும் என்பதே அதிலிருந்து பெறப்படும் முடிவாகும்; ஆய்வாளருக்கு விலக்கு தரவேண்டும் என்பது அன்று.

அறநெறிக் குழு இருந்தும் தவறு நிகழலாம் என்பதற்குச் சூரிச் பல்கலைக்கழகத்தின் அண்மை நிகழ்வு சான்றாகிறது. ரெடிட் தளத்தில், பிறர் வாதத்தைக் கேட்டு மனம் மாறத் தயாராக இருப்போர் கூடும் பகுதி ஒன்றில், செயற்கை நுண்ணறிவு எழுதிய ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட கருத்துகளை ஆய்வாளர்கள் மனிதர் எழுதியதைப்போல் பதிவிட்டு, அவை எத்தனை பேரை இணங்கவைக்கின்றன என்று அளந்தனர். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்றும் மனக்காய ஆலோசகர் என்றும் அக்கணக்குகள் வேடமிட்டன. எதிரில் இருப்பவரின் பழைய பதிவுகளிலிருந்து அவருடைய வயது, பாலினம், அரசியல் சார்பு ஆகியவற்றை ஊகித்து வாதத்தை அதற்கேற்ப அமைத்தன. 2025 ஏப்ரலில் இது தெரியவந்தபோது எழுந்த எதிர்ப்பால் முடிவுகளை வெளியிடுவதில்லை என்று ஆய்வாளர்கள் கைவிட்டனர். இதில் பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் பரிந்துரை ஆய்வாளர்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. துயருற்ற ஒருவருக்கு ஆறுதலாகத் தோன்றிய சொல் இயந்திரத்தினுடையது என்று பின்னர் அறிய நேர்வது எந்த அளவுகோலிலும் அற்பமான தீங்கு அன்று.

மனத்துக்கு நேரும் தீங்குபோலவே தரவால் நேரும் இடரும் பெரிது. இணையச் சோதனை ஒன்று விடைகளை மட்டும் பதிவுசெய்வதில்லை. விசை அழுத்தும் வேகம், சுட்டியின் நகர்வு, அனுமதி கிடைத்தால் கேமரா வழியே கண் நோக்கும் திசை ஆகியவற்றையும் திரட்ட முடியும். பெயரை நீக்கிவிட்டதால் அடையாளம் மறைந்துவிடும் என்பது பலரும் நம்பும் பிழை: பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து இனங்காட்டப் போதும் என லதான்யா ஸ்வீனி கணக்கிட்டிருந்தார். ஆளுமைத் தேர்வு என்ற பெயரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலாளர் அலெக்சாந்தர் கோகன் உருவாக்கிய செயலி, தன்னை நிறுவியவர்களின் பேஸ்புக் நண்பர்களுடைய விவரங்களையும் சேர்த்து எடுத்தது. அவ்விவரங்களே பின்னர் கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்திடம் சென்றன. இந்தியாவில் அதனை நிறுவியோர் 335 பேர் மட்டுமே, பாதிக்கப்பட்டிருக்கக்கூடியோரோ 5,62,455 பேர் என்று பேஸ்புக் 2018இல் தெரிவித்தது. ஒருவரின் ஒப்புதல் இன்னொருவரின் தரவுக்குத் திறவுகோலாகிவிட்டது என்பதே இந்த எண்களின் பொருள்.

ஊதியத்துக்குச் சோதனைகளில் பங்கேற்போரின் நிலை வேறு. மெக்கானிக்கல் டர்க்கில் அமெரிக்கர்களுக்கு அடுத்தபடியாக அதிகம் உழைப்பவர்கள் இந்தியர்கள். அங்கு வேலை கொடுப்பவர் முடித்த வேலையை நிராகரித்தால் கூலி கிடைக்காது, ஏற்பு விழுக்காடும் சரிந்து அடுத்த வாய்ப்புகள் குறையும். சோதனையிலிருந்து விலகும் உரிமை ஒப்புதல் படிவத்தில் எழுதப்பட்டிருந்தாலும், விலகினால் கூலி போய்விடும் என்ற அச்சம் அவ்வுரிமையை வெறும் எழுத்தாக்கிவிடக்கூடும். ஆய்வு என்ற பெயரைப் போர்த்திக்கொண்ட மோசடிகளும் பெருகியுள்ளன. உண்மையான ஆய்வு எதுவும் பங்கேற்பாளரிடம் முன்பணம், வங்கிக் கடவுச்சொல், ஓடிபி ஆகியவற்றைக் கேட்பதில்லை. அவ்வாறு கேட்கப்பட்டுப் பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் தாமதமின்றித் தெரிவித்தால்தான் பணத்தைப் பாதி வழியில் முடக்க வாய்ப்புண்டு.

இந்தியச் சட்டத்தில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்பதை உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உறுதிசெய்தது. அதன் தொடர்ச்சியாக வந்த எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒப்புதல் தன்னிச்சையானதாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ தமிழ் உட்பட எட்டாம் அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. கொடுத்த எளிமையோடே திரும்பப் பெறும் உரிமையும் அதில் உண்டு. 18 வயது நிறையாதோரைப் பின்தொடர்ந்து நடத்தையைக் கண்காணிப்பதை அது பொதுவாகத் தடைசெய்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல், உரிமைகள் தொடர்பான முதன்மைப் பிரிவுகள் 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதம் நடைமுறைக்கு வரும் வகையில் நாள் குறிக்கப்பட்டுள்ளது. ஆனால் இச்சட்டத்தின் 17ஆம் பிரிவு ஆராய்ச்சிக்கு விலக்கு தருகிறது. தரவைக்கொண்டு அந்தத் தனிநபரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கப்படாமலும், விதிகளின் இரண்டாம் அட்டவணையில் உள்ள தரங்களைப் பின்பற்றியும் நடக்கும் ஆய்வுக்கு மேற்சொன்னவை பொருந்தமாட்டா. பல்கலைக்கழகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்த விலக்கை ஒரு நிறுவனமும் கோரலாம் என்பதும், மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகளோ வணிகச் சோதனைகளை எட்டுவதில்லை என்பதும் சேர்ந்தால், கார்னெலில் தெரிந்த அதே இடைவெளி இங்கும் திறந்தே இருக்கிறது.

பாதிக்கப்பட்டவர் செல்லக்கூடிய வழிகள் ஆய்வை நடத்தியது யார் என்பதைப் பொறுத்தவை. பல்கலைக்கழக ஆய்வெனில் ஒப்புதல் படிவத்தில் முதன்மை ஆய்வாளர், அறநெறிக் குழு ஆகியோரின் தொடர்பு விவரம் இருக்க வேண்டும். குழுவின் உறுப்பினர் செயலருக்கு எழுத்தில் அனுப்பும் முறையீடே முதற்படி, அப்படிவத்தின் நகலைத் தொடக்கத்திலேயே சேமித்துவைத்திருப்பது இதற்குப் பெரிதும் உதவும். அரசுப் பல்கலைக்கழகமாயின் அனுமதி வழங்கப்பட்டதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 வழியாகவும் கேட்கலாம், 30 நாட்களுக்குள் விடை தரவேண்டும். நிறுவனமெனில், தரவுச் சட்டத்தின் அப்பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபின், முதலில் அதன் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதி, அங்கு தீர்வு கிடைக்காதபோதே அச்சட்டத்தின்படி அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அணுக முடியும். பொய்யான புகார் தருபவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதையும் அறிந்திருப்பது நல்லது. வாரியம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் எனினும், அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்லுமேயன்றிப் பாதிக்கப்பட்டவருக்கு வராது. போதிய பாதுகாப்பின்றித் தரவைக் கசியவிட்ட நிறுவனத்திடம் இழப்பீடு பெற இதுவரை வழிசெய்துவந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது. எஞ்சியிருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. நம்பி அளித்த தனிநபர் விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்கு வெளியிடுவதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அது வரையறுப்பதால், கட்டணம் செலுத்திச் சேவை பெற்றவர் நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கோரலாம். கட்டணமின்றிப் பயன்படுத்தும் சமூக ஊடகத்துக்கு இவ்வழி பொருந்துமா என்பது எளிதில் தீராத வழக்காகும், ஏனெனில் விலை கொடுத்துப் பெறுபவரையே அச்சட்டம் நுகர்வோர் என்கிறது.