கால்கள் நடந்தால் நினைவு நிலைக்கும்
முதுமையின் மறதியை நடை தள்ளிப்போடுமா? ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, ஓர் எச்சரிக்கையோடு.

காலை ஆறு மணி. மும்பை கிங்ஸ் சர்க்கிளில் மேம்பாலத்தின் மேல் வாகனங்கள் விரைகின்றன. கீழே வேறொரு போக்குவரத்து. புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ அணிந்த மாமிகள், குரங்குக் குல்லாய் போட்ட மாமாக்கள். யாருக்கும் போய்ச் சேர வேண்டிய இடம் இல்லை. நடப்பதுதான் வேலை.

பாலத்தடியில் வண்டிகளை நிறுத்த இடம் தரக்கூடாது என்று மாட்டுங்காவாசிகள் போராடியதன் பலன் இது. 2016இல் அங்கே நானாலால் டி. மேத்தா பூங்கா உருவானது. நர்மதை நதியைப் போல வளைந்து செல்லும் அதன் நடைபாதை சுமார் 600 மீட்டர் நீளம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி: முதியவர்கள் நடக்கச் சொல்லும் காரணங்கள் இவைதான். இப்போது பட்டியலில் மூளையும் சேர்ந்திருக்கிறது. 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம்.

நடைக்கும் நினைவுக்கும் என்ன தொடர்பு? மூளையில் நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வயதாக ஆகச் சுருங்குகிறது. 2011இல் அமெரிக்க விஞ்ஞானிகள் 120 முதியவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வேகமாக நடந்தது. மற்றது கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தது. ஓராண்டுக்குப் பிறகு நடந்தவர்களுக்கு அந்தப் பகுதி 2 சதவிகிதம் வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. நடை மூளைக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. நரம்பு செல்களைப் பேணும் புரதத்தையும் தூண்டுகிறது.

எவ்வளவு நடக்க வேண்டும்? பிரிட்டனில் 78,000க்கும் மேற்பட்டவர்களைக் கவனித்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், தினம் 3,800 எட்டு நடந்தவர்களுக்கே மறதி நோய் வரும் வாய்ப்பு கால்பங்கு குறைவாக இருந்தது. ஓர் எட்டுக்கு இரண்டடி என்று கணக்கிட்டால், மேத்தா பூங்காவின் நீளத்தை நான்கு முறை நடந்தால் போதும். 'வீட்டு வேலையே போதாதா?' என்று மாமிகள் கேட்பது நியாயம்தான். அதுவும் உடலுழைப்பே. ஆனால் இதயம் சற்று வேகமாகத் துடிக்கும் நடை கூடுதல் பலன் தரும்.

இனி எச்சரிக்கை. எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை. 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 1,600க்கும் அதிகமான முதியவர்கள் இரண்டு ஆண்டு உடற்பயிற்சி செய்தும், உடல்நலப் பாடம் மட்டும் கேட்டவர்களைவிட அவர்களின் சிந்தனைத் திறன் மேம்படவில்லை. 2018இல் பிரிட்டனில் ஏற்கனவே மறதி நோய் கண்டவர்களுக்குக் கடும் பயிற்சி தந்தபோது உடல் தேறியது. நோயின் வேகம் குறையவில்லை. நடை மருந்தல்ல, முன்னெச்சரிக்கை. நோய் வந்த பிறகல்ல, நடுவயதிலேயே தொடங்குவது புத்திசாலித்தனம்.

நடை மட்டும் போதாது என்பதும் தெளிவாகியிருக்கிறது. மறதி நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ உதவும் 14 அம்சங்களை 2024இல் லான்செட் குழு பட்டியலிட்டது. உடலுழைப்பின்மை அதில் ஒன்று. காது கேளாமை, ரத்த அழுத்தம், தனிமை, காற்று மாசு ஆகியவையும் உண்டு. எனவே புகை கக்கும் நெடுஞ்சாலையோரத்தைவிட, ஃபைவ் கார்டன்ஸ் பக்கத்து மரநிழல் தெருக்கள் மேலானவை. தடுமாறும் முதியவர்கள் ஒற்றைக்காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சிகளைத் துணையோடு செய்யலாம். இதய நோயாளிகள் முதலில் டாக்டரைக் கேட்பது நல்லது.

தனிமைக்கு மாட்டுங்காவில் நெடுநாளாகவே வைத்தியம் உண்டு. நடை முடிந்ததும் கும்பலாக ஓட்டலுக்குள் நுழைந்து ஃபில்டர் காபியோடு அரசியலும் கிரிக்கெட்டும் அலசுவது. சர்க்கரையை மட்டும் குறைத்துக்கொண்டால், அந்த அரட்டையும் மூளைக்கு நல்லதுதான்.